மணலைச் சலிக்க இயந்திரமா, பாட்டிலுக்குப் பத்து ரூபாயா?

காணும் பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் சென்னையின் எந்தக் கடற்கரைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். கரும்புச் சக்கை, சுண்டல் பொட்டலம், தண்ணீர் பாட்டில், புளியோதரை கட்டி வந்த அலுமினியத் தாள், ஒற்றைச் செருப்பு, குழந்தை கைநழுவவிட்ட பலூன். இரவெல்லாம் நாய்கள் கிழித்துப்போட்ட பைகளை விடிந்ததும் காகங்கள் கொத்திக்கொண்டிருக்கும். தூய்மைப் பணியாளர்கள் வரிசையாக நின்று வாரிக்கொண்டே போவார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கடற்காற்று இன்னொரு பையைக் கொண்டுவந்து போடும். நண்பகலுக்குள் மணல் ஓரளவு மணலாகத் தெரியும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இதே காட்சி, சற்றுச் சிறிய அளவில் மீண்டும் வரும்.

எங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் சென்ற முறை இந்தப் பேச்சு எழுந்தது. வழக்கமாகத் தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, குடிநீர் என்று முடிந்துவிடும் கூட்டம் அன்று ஒரு மணி நேரம் கடற்கரையைப் பற்றியே பேசியது. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் மணல் சலிக்கும் இயந்திரம் வேண்டும் என்றார். கல்லூரி மாணவர்கள் ஞாயிறு துப்புரவு முகாமைப் பெரிதாக்கலாம் என்றார்கள். பேரனுடன் வந்திருந்த ஒரு அம்மா, கடுமையான அபராதம் போட்டால் ஒரே மாதத்தில் சரியாகும் என்று அடித்துச் சொன்னார். தொட்டிகளைக் கூட்டச் சொன்னவர்கள் பலர். பாட்டில்களைக் காசு கொடுத்துத் திரும்பப் பெறலாம் என்று சொன்னது நான். எல்லாவற்றுக்கும் பணம் வராது. அடுத்த கூட்டத்தில் முன்னுரிமை வரிசை ஒன்றைத் தீர்மானமாக எழுதித் தர வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்க்கிறேன். என் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை மறைக்கப்போவதில்லை.

எந்த வழி நல்லது என்று பார்ப்பதற்கு முன்னால், குப்பை எந்த வழியில் வந்தது என்று பார்க்க வேண்டும். கூட்டத்தில் யாரும் கேட்காத கேள்வி இது. நம் கரைக்குக் குப்பை மூன்று வழிகளில் வருகிறது. வந்து போகிறவர்கள் விட்டுச்செல்வது ஒன்று. கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் நகரத்திலிருந்து அள்ளிவந்து கடலில் சேர்க்க, அலை கரைக்குத் திருப்பி அனுப்புவது இன்னொன்று. அறுந்த வலை, நைலான் கயிறு, மிதவை, உடைந்த தெர்மகோல் பெட்டி என்று மீன்பிடித் தொழிலிலிருந்து வருவது மூன்றாவது.

கொஞ்சம் பழகினால் இவற்றைப் பார்த்தவுடனே பிரித்துவிடலாம். ஆற்றில் வந்த பாட்டிலுக்குள் சேறு இருக்கும், அதன் மேல்தாள் வெளுத்திருக்கும், ஆகாயத்தாமரைத் தண்டு சுற்றியிருக்கும். அது அலை ஏறி நின்ற கோட்டிலேயே நீளவாக்கில் கிடக்கும். ஆட்கள் விட்டுச்சென்ற பாட்டில் அந்தக் கோட்டுக்கு மேலே, கடைகளுக்கும் உட்காரும் இடங்களுக்கும் நடுவே, காய்ந்த மணலில் கிடக்கும். காலமும் வேறுபடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின்போது ஆற்றுக் குப்பைதான் ஆட்சி செய்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் தொடர்ந்த நாட்களில் சென்னைக் கடற்கரைக்குப் போனவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஜனவரியிலிருந்து மே வரை, பொங்கல் தொடங்கிக் கோடை விடுமுறை முடியும்வரை, மனிதக் கை போட்டதுதான் மிகுதி. ஒரு வழிக்கு நல்ல மருந்து மற்ற வழிக்குப் பச்சைத் தண்ணீர் அளவுக்குக்கூடப் பயன்படாது. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே போகிறேன்.

முதலில் இயந்திரம், ஏனென்றால் கூட்டத்தில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம் கிடைத்தது. டிராக்டர் இழுத்துச் செல்லும் சல்லடை அது. மேல்மணலை வாரி எடுத்து, அதிரும் வலையில் சலித்து, குப்பையைத் தொட்டியில் நிறுத்திக்கொண்டு மணலைப் பின்னால் விட்டுவிடும். சென்னைக் கடற்கரைகளில் இவை ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கின்றன. புதிய யோசனை ஒன்றும் இல்லை. மெரினா போன்ற அகன்ற, ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்துத் தட்டையாகிவிட்ட மணற்பரப்பில் இது நல்ல வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மணலில் புதைந்த கண்ணாடிச் சில்லும் கபாப் குச்சியும் துடைப்பத்துக்கு அகப்படாது, சல்லடைக்கு அகப்படும். வெறுங்காலோடு ஓடும் குழந்தைகளுக்கு அது பெரிய பாதுகாப்பு.

ஆனால் சல்லடைக்குக் குப்பை எது, உயிர் எது என்று தெரியாது. நம் கரையில் அடம்பங்கொடி படர்ந்து ஊதாப் பூ பூக்கும் இடங்கள் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கின்றன. சங்கக் கவிஞர்கள் அடும்பு என்று பாடிய அதே கொடிதான். அதுவும் இராவணன் மீசை என்கிற முட்புல்லும் சேர்ந்துதான் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. அந்த மேடுதான் புயல் அலைக்கு முதல் தடுப்பு. இயந்திரம் தினமும் ஓடும் இடத்தில் கொடி வேர்விட முடியாது. நண்டு வளைகள் நசுங்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய கவலை பங்குனி ஆமை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை இரவில் கரையேறி, ஒன்றரை அடி ஆழத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு மூடிவிட்டுப் போகிறது. சென்னையில் 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர் இரவிரவாகக் கரையில் நடந்து அந்த முட்டைகளைத் தேடி எடுத்துப் பொரிப்பகத்தில் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய ஒரு கூட்டின் மேல் டிராக்டர் ஏறினால் மணல் இறுகிப்போகும். சக்கரத் தடத்தின் பள்ளத்தில் விழுந்த குஞ்சு கடலுக்குப் போகும் வழியை இழந்துவிடும். நமக்குக் குப்பை மிகுதியாக இருக்கும் அதே மாதங்களில்தான் ஆமையும் வருகிறது. எந்த இயந்திர நேரப் பட்டியலாலும் இந்த மோதலை முழுவதும் தவிர்க்க முடியாது.

இன்னொன்றும் உண்டு. சல்லடைக் கண்ணுக்குச் சிறியது எல்லாம் கீழே விழுந்துவிடும். சிகரெட் துண்டு, பாட்டில் மூடியின் வளையம், உறிஞ்சுகுழல் துண்டு, நொறுங்கிய தெர்மகோல் மணி. உலகெங்கும் கடற்கரைத் துப்புரவில் எண்ணிக்கையில் முன்னணியில் நிற்பவை சிகரெட் துண்டுகள். அந்தப் பஞ்சு பருத்தியால் ஆனது என்று பலர் நினைக்கிறார்கள். அது செல்லுலோஸ் அசிடேட் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக். பெரியவற்றை வாரிச் சிறியவற்றை விட்டுச்செல்லும் கருவி, கரை சுத்தமாகிவிட்டது என்ற தோற்றத்தைத் தருகிறது. மீனும் ஆமையும் விழுங்குவதோ அந்தச் சிறியவற்றைத்தான்.

ஞாயிறு துப்புரவு முகாமைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் அதில் நான் பல ஆண்டுகள் குனிந்து நிமிர்ந்திருக்கிறேன். கையுறை மாட்டிக்கொண்டு, கோணிப்பையுடன், காலை ஆறு மணிக்கு ஒரு கூட்டமாகப் போவது நல்ல அனுபவம். இந்தியாவில் இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு மும்பையின் வெர்சோவா. 2015 அக்டோபரில் அப்ரோஸ் ஷா என்ற வழக்கறிஞர் தம் முதிய அண்டைவீட்டுக்காரர் ஒருவருடன் இரண்டே பேராகத் தொடங்கினார். பிறகு ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தார்கள். இடுப்பளவு குப்பை கிடந்த கரையில் 2018 மார்ச்சில் ஆமைக் குஞ்சுகள் கடலுக்குள் இறங்கின. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2016இலேயே அவருக்கு விருது அளித்தது.

வெர்சோவாவை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்கள் அதன் இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை. ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் கரையில் குப்பையைத் திரும்பக் கொட்டியது. அதனால் அவரே பின்னர் கரையை விட்டு உள்ளே போய் மித்தி ஆற்றிலும், ஓடைக்கரைக் குடியிருப்புகளிலும் வேலை செய்யத் தொடங்கினார். கரையில் பொறுக்கியே கரையைக் காக்க முடியாது என்பதை இந்த நாட்டில் அவரைவிட அதிகமாகப் பொறுக்கிப் பார்த்து அறிந்தவர் யாரும் இல்லை. எங்கள் முகாமிலும் அதையே கண்டேன். நாங்கள் கட்டி வைத்துவிட்டுப் போன மூட்டைகளில் சிலவற்றை அதே நாள் மாலைக்குள் நாய்கள் கிழித்துவிட்டிருந்தன. மாணவர்களின் ஆர்வத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஆர்வத்தை எந்த வேலைக்குப் பயன்படுத்துவது என்பதே கேள்வி. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அபராதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சட்டத்தில் அபராதம் ஏற்கெனவே இருக்கிறது. சிங்கப்பூரைச் சொல்கிறார்கள், 1992 முதல் அங்கே குப்பை போட்டவருக்கு மேலங்கி மாட்டி, பொது இடத்தைக் கூட்ட வைக்கும் தண்டனையும் உண்டு. அந்தத் தண்டனை பலித்ததற்குப் பின்னால் சீருடை இல்லாத கண்காணிப்பாளர்களும், அன்றாடம் தவறாமல் குப்பை எடுக்கும் ஏற்பாடும் இருந்தன. ஞாயிறு மாலை மணலில் உட்கார்ந்திருக்கும் பல்லாயிரம் பேரில் யார் எந்தத் தட்டைப் போட்டார் என்று பிடிக்க எத்தனை பேர் வேண்டும்? பிடிபடப்போவது யார் என்றும் எனக்குத் தெரியும். தள்ளுவண்டிக்காரர்தான், ஏனென்றால் அவரால் மட்டும்தான் எழுந்து ஓட முடியாது. லாரியில் கொண்டுவந்து கட்டட இடிபாட்டைக் கொட்டுகிறவர்கள் மீது அபராதம் பாயட்டும். வண்டி எண்ணும் கேமராவும் போதும். மணலில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறவர்களுக்கு இது முதல் மருந்து இல்லை.

தொட்டிகளைக் கூட்டுவது பற்றியும் நீட்டி எழுத ஒன்றும் இல்லை, ஒரே ஒரு செய்தியைத் தவிர. அந்தச் செய்திதான் இந்தக் கட்டுரையிலேயே எனக்கு முக்கியமானது.

கடற்கரைக்குக் கூட்டம் வருவது மாலை நான்கு மணிக்கு மேல். உச்சம் ஏழு மணி வாக்கில். சாப்பிட்டுவிட்டுக் கூட்டம் கலைவது ஒன்பது, ஒன்பதரைக்கு. துப்புரவு நடப்பதோ பெரும்பாலும் விடியற்காலையில். தொட்டி ஏழரை மணிக்கே நிரம்பிவிடுகிறது. அதன் பிறகு வருகிறவர் நல்லவராகவே இருந்தாலும் தட்டைத் தொட்டியின் அடியில்தான் வைக்க முடியும். பத்து மணியிலிருந்து மறுநாள் ஐந்து மணிவரை ஏழு மணி நேரம் அந்தக் குவியல் நாய்க்கும் எலிக்கும் காற்றுக்கும் அலைக்கும் சொந்தம். மாலையில் ஒரே இடத்தில் அள்ளக்கூடியதாக இருந்தது, காலையில் அரை மைல் மணலில் சிதறியிருக்கிறது. ஒரு கூடையில் அள்ளியிருக்க வேண்டியதை இருபது பேர் குனிந்து பொறுக்குகிறார்கள். அலை எடுத்துக்கொண்டு போனது கணக்கிலேயே வராது.

ஆகவே நூறு தொட்டிகளைக் கூடுதலாக வைப்பதைவிட, இருக்கிற தொட்டிகளை வெள்ளி, சனி, ஞாயிறு மாலைகளில் ஏழு மணிக்கு ஒரு முறையும் பத்து மணிக்கு ஒரு முறையும் காலி செய்வது பல மடங்கு பயன் தரும். அதற்கு வேண்டியது மாலைப் பணிக்கு ஒரு சிறு குழு, வெளிச்சம், மணலில் இழுக்கக்கூடிய அகலச் சக்கர வண்டி, நாய் திறக்க முடியாத மூடி. இயந்திரத்தின் விலை, டீசல், ஓட்டுநர், பழுதுச் செலவு என்று போகும் பணத்தில் இந்தக் குழுவுக்கு ஆண்டு முழுவதும் முறையான ஊதியம் கொடுக்கலாம். முறையான என்பதை அழுத்திச் சொல்கிறேன். காலைப் பணியில் இருக்கும் அதே பெண்களை மாலையிலும் வரச்சொல்லி, அதற்குத் தனிச் சம்பளம் தராமல் விடுவது என் யோசனையாக ஆகிவிடக் கூடாது. இரவு பத்து மணிக்கு வேலை முடிகிறவர் வீட்டுக்குப் போகும் வாகனமும் செலவுக் கணக்கில் வர வேண்டும்.

சிலர் ஜப்பானைச் சொல்வார்கள். 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நச்சு வாயுத் தாக்குதல் நடந்த பிறகு அங்கே பொது இடங்களில் பெரும்பாலான தொட்டிகளையே எடுத்துவிட்டார்கள், ஆனாலும் தெரு சுத்தமாக இருக்கிறது, நம் மக்களுக்கு அந்த ஒழுங்கு இல்லை என்பார்கள். அங்கே வீட்டுக்கு எடுத்துப்போன குப்பையைக் குறித்த நாளில், குறித்த வகையாகப் பிரித்து வாங்க ஆள் வருகிறது. நம்மிடமும் அது நாற்பது ஆண்டுகள் தவறாமல் நடந்திருந்தால் நம் மக்களும் பையில் போட்டு எடுத்துப் போவார்கள். இதே மக்கள்தானே மெட்ரோ ரயில் நிலையத்தில் ஒரு காகிதத் துண்டுகூடப் போடாமல் நடக்கிறார்கள்?

இனி நான் ஆதரிக்கும் பாட்டில் திட்டம். இது வெளிநாட்டிலிருந்து கடன் வாங்க வேண்டிய யோசனை இல்லை, நீலகிரியில் இருக்கிறது. குடித்துவிட்டுக் காட்டில் வீசிய கண்ணாடிப் பாட்டில்கள் உடைந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற பிரச்சினை சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நீதிமன்றம் வலியுறுத்தியதன் பேரில் 2022 மே 15 முதல் அந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கத் தொடங்கினார்கள். காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்து ரூபாய் கைக்கு வரும். பாட்டில்களில் மிகப் பெரும் பகுதி திரும்பி வந்தது. பிறகு திட்டம் மற்ற மாவட்டங்களுக்கும் விரிந்தது. 2025இல் கேரளம் தன் மதுக்கடைகளில் இருபது ரூபாய் வைத்து இதேபோல் தொடங்கியது. கேதார்நாத் மலைப்பாதையில் 2022இல் தண்ணீர் பாட்டில்களுக்கே பத்து ரூபாய் வைத்துப் பார்த்தார்கள். ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பாட்டிலுக்கு 25 சென்ட். கிட்டத்தட்ட எல்லாமே திரும்பி வந்துவிடுகின்றன.

இந்தத் திட்டத்தில் எனக்குப் பிடித்தது, யாருக்கும் அறிவுரை சொல்லத் தேவையில்லை என்பது. பத்து ரூபாயை விட்டுவிட்டுப் போக மனம் வராதவர் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுப்பார். வசதியானவர் மணலில் விட்டுவிட்டுப் போனாலும் அதை எடுக்க இன்னொருவர் இருக்கிறார். கோணியுடன் நடந்து பாட்டில் பொறுக்கிக் காயலான் கடையில் எடைக்குப் போடுகிறவர்கள்தான் இன்று நம் கரையின் பெரும் துப்புரவாளர்கள். எடைக்குப் போட்டால் ஒரு பாட்டிலுக்குச் சில்லறைக் காசு. அதே பாட்டிலுக்குப் பத்து ரூபாய் என்றால் அவர்கள் வாழ்க்கையில் அது சிறு மாற்றமில்லை. ஜெர்மனியில் பாட்டிலைக் குப்பைத் தொட்டிக்குள் போடாமல், தேடி எடுப்பவர் கையை உள்ளே விட வேண்டாம் என்று தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகும் பழக்கமே வந்திருக்கிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். நீலகிரிக்கு மலைப்பாதையும் சோதனைச் சாவடியும் உண்டு. கடற்கரைக்கு ஆயிரம் வழி. வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய பாட்டிலில், பத்து ரூபாய் கட்டியதற்கு அடையாளமான நம் ஒட்டுத்தாள் இருக்காது. திருப்பிப் பெறும் வேலை விற்பவர் தலையில் விழுகிறது. டாஸ்மாக் ஊழியர்களே இடமும் இல்லை, ஆளும் இல்லை என்று முறையிட்டார்கள். தள்ளுவண்டிக்காரர் காலிப் பாட்டில்களை எங்கே அடுக்குவார்? இதற்கு எனக்குத் தெரிந்த விடை, விற்பவரிடம் கொடுக்கச் சொல்லாமல் கடற்கரையில் இரண்டு திரும்பப்பெறும் இடங்களை வைப்பது. அதை ஒரு மகளிர் சுய உதவிக் குழுவிடம் ஒப்படைத்தால் அவர்களுக்கு வருமானம், சேர்ந்த பாட்டில்களுக்கும் மொத்தமாக நல்ல விலை. வெளியிலிருந்து பாட்டில் வருவதைக் குறைக்க, நீலகிரியில் செய்ததுபோல் குடிநீர் ஏடிஎம்களை நிறுத்தலாம். அந்த மாவட்டம் சிறு தண்ணீர் பாட்டில்களுக்கே தடை போட்டுச் சாலையோரத்தில் தண்ணீர் கிடைக்கச் செய்தது. கடற்கரையில் உப்புக்காற்று அந்த இயந்திரங்களை அரிக்கும் என்பதையும் பராமரிப்புச் செலவில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் திட்டம் பாட்டிலைப் பிடிக்கும், பிஸ்கட் உறையைப் பிடிக்காது. பல அடுக்கு கொண்ட அந்தப் பளபளப்பு உறையைக் காயலான் கடைக்காரர் தொட மாட்டார். அதற்கு விலையே இல்லை. தயாரிப்பாளரே பொறுப்பேற்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் பிளாஸ்டிக் கழிவு விதிகள் சொல்கின்றன. ஆனால் அந்தப் பொறுப்பு டன் கணக்கில் தீர்க்கப்படுகிறது. எங்கோ ஓர் ஊரில் சேகரித்த பிளாஸ்டிக்கைக் கணக்கில் காட்டிக்கொள்ளலாம். நம் மணலில் கிடக்கும் உறையை எடுக்க யாரும் வரவேண்டியதில்லை. இதை ஒரு பகுதி சபை தீர்க்க முடியாது, எழுதி அனுப்பலாம். நாம் செய்யக்கூடியது தட்டையும் கிண்ணத்தையும் மாற்றுவது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கோப்பையும் அதில் அடக்கம். கடற்கரையில் பஜ்ஜி எதில் தருகிறார்கள் என்று பாருங்கள். தடையை மீற வேண்டும் என்று அந்த வியாபாரிகள் ஆசைப்படவில்லை. பாக்கு மட்டைத் தட்டு சில ரூபாய் கூடுதல், அவருக்கு ஒரு தட்டு பஜ்ஜியில் மிஞ்சுவதே சில ரூபாய். இலைத் தொன்னையை மொத்தமாக வாங்கி, விலையின் ஒரு பகுதியைப் பொதுப் பணத்திலிருந்து ஏற்றுக்கொண்டு கொடுத்தால் நாளைக்கே மாறிவிடுவார்கள். தொன்னை கடலுக்குப் போனாலும் சில வாரங்களில் மக்கிவிடும்.

சென்னைக்குத் தெற்கே இருக்கும் கோவளத்தைப் பார்க்கச் சொன்னார் ஒரு நண்பர். சுத்தமான கடற்கரைகளுக்குத் தரப்படும் சர்வதேச நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்ற கடற்கரை. 33 அளவுகோல்கள், ஆண்டுதோறும் புதுப்பித்தாக வேண்டிய சான்று. போய்ப் பார்த்தேன், சுத்தமாகத்தான் இருக்கிறது. கழிப்பறை, பணியாளர்கள், நீரின் தரச் சோதனை எல்லாம் உண்டு. நீந்த வருகிற குடும்பங்களுக்கு அது மதிப்பான இடம். ஆனால் சான்று பெற்றது ஒரு குறிப்பிட்ட துண்டுதான். எல்லைக்கு வெளியே ஊர்க்கரை ஊர்க்கரையாகவே இருக்கிறது. எங்கள் கரையில் படகுகள் நிற்கின்றன, வலை காய்கிறது, மீன் ஏலம் நடக்கிறது. அதன் நடுவே கம்பி கட்டி ஒரு பகுதியை மட்டும் பளபளப்பாக்கினால் அங்கிருந்து முதலில் விலக்கப்படுவது மீனவர்களாக இருக்கும் என்று அஞ்சுகிறேன். அந்தப் பணத்தில் கழிப்பறை மட்டும் கட்டித் தந்தால் நன்றி சொல்வேன்.

மீனவர்களைப் பற்றிப் பேசும்போது கொல்லத்தை நினைத்துக்கொள்கிறேன். கேரள அரசு 2017இல் சுசித்வ சாகரம் என்ற திட்டத்தை அங்கே தொடங்கியது. வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கைக் கடலிலேயே திரும்ப எறியாமல் மீனவர்கள் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் குழு அதைக் கழுவிப் பிரித்தது. துண்டாக்கிச் சாலை போடும் தாரில் கலந்தார்கள். பிளாஸ்டிக் சாலைத் தொழில்நுட்பம் மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் உருவாக்கியது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. மதுரையில் பிறந்த யோசனையைக் கொல்லத்து மீனவர்கள் பயன்படுத்தியிருக்கிறார்கள். சென்னை மீனவக் குப்பங்களுக்கு அது தூரமில்லை. அறுந்த வலைக்கு எடைக்கு இவ்வளவு என்று விலை வைத்தால் மூன்றாவது வழியும் சுருங்கும்.

மிஞ்சியிருப்பது ஆறு. மழைக்காலத்தில் நம் கரைக்கு வருவதில் பெரும்பகுதி நம் பகுதியில் போட்டதே இல்லை. முகத்துவாரத்துக்கு மேலே மிதவைத் தடுப்புக் கட்டி, தேங்கும் குப்பையை நாள்தோறும் அள்ளினால் கடலுக்குப் போவது குறையும். கூவத்தில் இத்தகைய தடுப்புகளைப் போட்டிருக்கிறார்கள். அள்ளுவதை நிறுத்திய இரண்டாம் நாளே தடுப்பு குப்பைத் தீவாகிவிடும். பெருவெள்ளத்தில் அறுந்தும் போகலாம். ஆனாலும் செப்டம்பருக்குள் கால்வாய்களைத் தூர்வாரித் தடுப்புகளைச் சரிபார்ப்பது, நவம்பரில் ஆயிரம் பேர் கடற்கரையில் குனிவதைவிட நல்லது. இது எங்கள் வார்டின் பணத்துக்கு அப்பாற்பட்ட வேலை. ஆற்றங்கரையில் இருக்கும் மற்ற வார்டுகளின் சபைகளோடு சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

எனவே நான் எழுதித் தரப்போகும் வரிசை இது. முதல் பணம் வார இறுதி மாலைப் பணிக் குழுவுக்கும், நாய் திறக்க முடியாத மூடிகளுக்கும். அடுத்தது தொன்னைக்கான உதவித்தொகை. மூன்றாவது, ஜனவரியிலிருந்து மே வரை ஐந்து மாதங்களுக்குப் பாட்டில் திட்டத்தின் சோதனை ஓட்டம். பலன் தராவிட்டால் நிறுத்திவிட்டு அந்தப் பணத்தை மாலைக் குழுவுக்கே கூட்டிக் கொடுக்கலாம். இயந்திரம் வேண்டாம். ஏற்கெனவே இருப்பதை ஓட்டுவதானால், கொடி படர்ந்த இடங்களை விட்டு, ஆமைக் காலத்தில் மணற்பகுதிக்குள் இறக்காமல், மே மாதத்துக்குப் பிறகு ஓட்டட்டும். பொறியாளர் ஐயா வருத்தப்படுவார். மாலைக் குழுவின் வண்டிக்கு மணலில் புதையாத சக்கரம் வடிவமைத்துத் தர அவரையே கேட்கலாம் என்றிருக்கிறேன்.

மாணவர்களிடம் வேறு வேலை கேட்கப்போகிறேன். இனி ஞாயிறு காலையில் முழுக் கரையையும் பொறுக்க வேண்டாம். ஐம்பது தப்படி நீளத்துக்கு ஒரே இடத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு ஞாயிறும் அங்கே கிடப்பதை மட்டும் எடுத்து, ஆற்றில் வந்தது, கையில் வந்தது, படகில் வந்தது என்று மூன்று கோணிகளாகப் பிரித்து எடைபோட்டு எழுதட்டும். ஐந்து மாதம் கழித்து எந்தக் கோணி இளைத்தது என்று தெரிந்துவிடும். நேற்று மாலை இதைச் சுண்டல் விற்கும் அக்காவிடம் சொன்னேன். முப்பது ஆண்டுகளாக அதே இடத்தில் அடுப்பு வைத்திருப்பவர். கேட்டுவிட்டு, "தராசு என்கிட்ட இருக்கு, ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வரேன்" என்றார்.